உலகம் அழிய இருந்த புதன்கிழமை

உலகம் அழியப்போகிறது என்ற சேதி, அரசாங்கம் கொடுத்த இலவச டிவி வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் எங்கள் தெருவுக்கு எந்தச் சேதி வந்தாலும் பாதி பொய்யாகி, மீதி பழசாகித்தான் வந்து சேரும். இது சுடச்சுட வந்தது. வெளிநாட்டில் எங்கேயோ பூமிக்கு அடியில், பல ஊர்களைச் சுற்றி வருகிற அளவுக்கு வட்டமாக ஒரு குழாய் போட்டிருக்கிறார்களாம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களை இரண்டு பக்கமிருந்தும் விரட்டிவிட்டு மோதவிடப்போகிறார்களாம். மோதினால் உள்ளே ஒரு கருந்துளை உண்டாகி, அது முதலில் மெஷினை விழுங்கி, அப்புறம் அந்த ஊரை விழுங்கி, கடைசியில் பூமியையே விழுங்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்களாம். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்களாம். டிவியில் இரண்டையும்தான் சொன்னார்கள். ஆனால் படம் போட்டுக் காட்டியது விழுங்குவதை மட்டும்தான். புதன்கிழமை மத்தியானம் சுவிட்சைப் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு, சோப்பு விளம்பரம் போட்டார்கள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். துகள் என்றால் என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பயப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. இப்போதும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்தான் நான். அப்போது இன்னும் மோசம். சில வருஷம் முன்னால்தான் கடல் ஊருக்குள் வந்து போயிருந்தது. எங்கள் தெரு உப்பளப் பக்கம், கடலுக்குத் தள்ளி இருந்ததால் தப்பித்தோம். ஆனால் அன்று ஓடிவந்தவர்களின் முகத்தை நான் பார்த்திருந்தேன். அந்தக் கடல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கும் சொல்லாமல் வந்தது. சொல்லாமல்கூட ஒன்று வருமென்றால், நாள் கிழமை சொல்லிவிட்டு வருவது எப்படி வராமல் போகும் என்பது என் கவலை.

சித்தப்பாவிடம் கேட்டேன். அவரும் அப்பாவும் ஒரே உப்பளத்தில் வேலை பார்த்தார்கள். பாத்தியில் பலகையால் உப்பு வாரிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருப்பார்.

"கருந்துளைன்னா வேற ஒன்னும் இல்லடி. நம்ம வரப்புல நண்டு வளை போடுதுல்ல? சின்னதாத்தான் இருக்கும். காலைல வந்து பாத்தா பாத்தித் தண்ணி மொத்தமும் காலி. அந்த மாதிரி வெள்ளைக்காரன் ஒரு நண்டு வுடுறான், அவ்வளவுதான்."

"ஏம்பா, அந்தப் புள்ளைய ஏன் பயமுறுத்துற?" என்றாள் உப்புக் கூடை சுமந்து வந்த அம்மா.

"நான் எங்க அண்ணி பயமுறுத்துறேன்? நம்ம ஊர்ல ஏன் டெய்லி கரண்ட் போவுதுன்னு நினைக்கிறீங்க? எல்லாம் அந்த மிஷினுக்குத்தான் போவுது. நம்ம கரண்ட எடுத்த பாவத்துக்காவது நம்மள விட்டுட்டு விழுங்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மனசில் நண்டு மட்டும்தான் நின்றது. பெரிதாக எங்கேயோ பூமியின் அடியில் நடக்கிறது என்று நினைத்தவரைக்கும் அது டிவிப் பயம். நண்டு வளை என்றதும் அது வீட்டுப் பயம் ஆகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் நான் வரப்பு வரப்பாகப் போய், கண்ணில் பட்ட வளைகளையெல்லாம் களிமண் அப்பி அடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தூரத்திலிருந்து பார்த்தார். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. வரப்பு அடைப்பது நல்ல வேலைதானே என்று நினைத்திருப்பார்.

உண்மையில் நான் பயந்தது எனக்காக மட்டும் இல்லை.

எனக்கு ஒரு அக்கா. கருவாட்டுக்கு உப்பு வாங்கக் கடலோர ஊரான அனுமந்தையிலிருந்து வண்டியில் வருவார்கள். அப்படி வந்த ஒரு கடல்காரப் பையனோடு அவள் போய்விட்டாள். அவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள். அக்கா போன அன்று அப்பா யாரையும் திட்டவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வந்து, "தல முழுகியாச்சு" என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அக்கா பேரும் இல்லை, அனுமந்தை மீனும் இல்லை. அந்த ஊர்க் கூடை என்று தெரிந்தால் அப்பா அன்றைக்குக் குழம்பைத் தொடமாட்டார். அம்மா மட்டும், அப்பா இல்லாத நேரம் பார்த்து, அந்த ஊர் மீன்காரியை நிறுத்தி மீன் வாங்காமல் பேசுவாள். "உங்க பக்கம் காத்து எப்படி இருக்குது?" என்பாள். "காத்து நல்லாத்தான் இருக்குது. முன்னுக்கு இப்ப கொஞ்சம் எளச்சிருக்குது" என்பாள் மீன்காரி. காற்று எப்படி இளைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

இடி இடித்தால் அக்காதான் என் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். அவள் போன பிறகு வந்த மழைக்காலத்தில் நானே பொத்திப் பார்த்தேன். அது அவ்வளவாக அடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாரிய உப்பு, மேட்டில் அம்பாரமாக நின்றது. அந்த மாசத்தில் எந்த நேரமும் மழை வரும் என்பதால், வேலை முடிந்ததும் தென்னங்கீற்று போட்டு மூடி, மேலே கல் வைத்துவிட்டுத்தான் எல்லாரும் கிளம்புவார்கள்.

"நாளைக்கே இல்லாத உப்புக்கு இன்னாத்துக்குண்ணே கீத்து?" என்றார் சித்தப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, மூடாமலே வந்துவிட்டார்கள். அழிவை நம்பி மூடாமல் வந்தார்களா, நம்பாமல் விளையாட்டுக்கு மூடாமல் வந்தார்களா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அன்று சோறு சாப்பிடும்போது நான் கேட்டேன். "உலகம் அழியும்போது அக்கா எங்க இருக்கும்?"

அம்மா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். நானே தொடர்ந்தேன். "அது கடலோரத்துல இருக்குது. கடல்தான் மொதல்ல வரும். அக்காதான் மொதல்ல சாவும். நம்ம கூட இருந்தா எல்லாரும் ஒன்னா சாவலாம்."

அப்பா என்னை அடிப்பார் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்பா தட்டைப் பார்த்தபடி, "சாப்புடு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அப்பா வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு, எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"உலகமே அழியப் போவுதுன்றானுங்க. கடைசியா நல்ல மீனா ஒன்னு தின்னுட்டுச் சாவலாம். அனுமந்தையில போய் வாங்கினு வா."

"மீனு நம்ம மார்க்கெட்லயே இருக்குதேப்பா" என்றேன் நான்.

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். எதற்கென்று தெரியாமல் நான் அழ ஆரம்பிப்பதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். தலைகூட வாரவில்லை. பாண்டிச்சேரி போகிற பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸிலும் அதே பேச்சுதான். கண்டக்டர் ஒருவரிடம், "எறங்குறப்ப சில்லறை கேக்காத பெருசு, எறங்குறதுக்குள்ள உலகமே இருக்குமோ இருக்காதோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாளா, பேசவேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

அக்கா வீடு கடற்கரை மணல் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. அவள் எங்களைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "அப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒன்னும் ஆவல. மீனு வாங்கினு வரச் சொன்னாரு" என்றாள் அம்மா. "இங்கேருந்து."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவும் அதையே செய்தாள். மீனுக்கு ஏன் இப்படி இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவரை நான் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அக்காவைக் கூட்டிக்கொண்டு ஓடியவர் என்பதால் பெரிய மீசையோடு இருப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை.

"போய்ட்டு வா" என்றார் அக்காவிடம், தலை நிமிராமல். "உலகம் அழிஞ்சிச்சுன்னா அங்கயே இருந்துடு. அழியலன்னா ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துடு."

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் அதை ஒரு ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அக்கா சங்கரா மீன் பையோடு படலுக்கு வெளியே நின்றுவிட்டாள். அம்மா அவளுக்கு முன்னால் நின்றாள், மறைப்பதுபோல. அப்பா பையைப் பார்த்தார். பை வைத்திருந்த கையைப் பார்த்தார். அதற்கு மேலே பார்க்கவில்லை.

"மீன யாரு ஆய்றது? வெயில்ல நின்னுனு இருந்தா கெட்டுப் போயிடும்" என்றார்.

அக்கா உள்ளே வந்தாள்.

எங்கள் வீட்டில் இருந்தபோது அவளுக்கு மீன் ஆயத் தெரியாது. முள் குத்திவிட்டது என்று விரலைச் சப்பிக்கொண்டு எழுந்துபோவாள். இப்போது அவள் கை ஓடியதை என் கண்ணால் தொடர முடியவில்லை. நான் அவள் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் மேல் வேறு வாசனை. கொஞ்ச நேரத்தில் அது பழகிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தபோது கரண்ட் போய்விட்டது. டிவி கறுப்பாக நின்றது. சுவிட்ச் போட்டார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது.

"இன்னாண்ணே, அழிஞ்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா வந்தார். அக்காவைப் பார்த்து ஒரு கணம் நின்றார். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல், "கரண்ட் இல்லாம ஒன்னும் தெரியலையே. எனக்கும் ஒரு தட்டு வைய்யி" என்று உட்கார்ந்தார்.

அப்பாவும் அக்காவும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. என்னை வைத்துப் பேசினார்கள்.

"கொழம்புல புளி தூக்கலா இருக்குதுன்னு சொல்லு."

"அங்க அப்படித்தான் வெப்பாங்கன்னு சொல்லு."

"இன்னொரு துண்டு போடச் சொல்லு."

ஒரே அறைக்குள், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தவர்களுக்கு நடுவில் நான் போய்வந்து கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அப்போதுதான் இருட்டியது. மேகம் என்று இப்போது சொல்லிவிடலாம். அன்றைக்கு அது மேகமாகத் தெரியவில்லை. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து கறுப்பாக எழுந்து வந்தது. காற்று புழுதியைத் தூக்கியது. தெருவில் யாரோ ஒரு பெண், "ஐயோ, போட்டுட்டான்டி சுவிட்ச!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் சத்தமாக ஜெபம் பண்ண ஆரம்பித்தார்கள். சித்தப்பாகூட தட்டைத் தள்ளி வைத்தார். நான் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாரும் இருக்கிறோம், இனி வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

முதல் தூறல் கூரையில் விழுந்த சத்தம் கேட்டதும் அப்பா சோற்றுக் கையோடு எழுந்தார்.

"உப்பு!"

ஓடினார். சித்தப்பா ஓடினார். அம்மா ஓடினாள். அக்கா என் கைகளைப் பிரித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். உலகம் அழிகிறதா என்று நின்று பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. தெருவே உப்பளத்தைப் பார்த்து ஓடியது. தனியாக நிற்கப் பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

மேட்டில் உப்பு திறந்து கிடந்தது. அப்பா அம்பாரத்தின் மேலே ஏறி நின்று கீற்றை இழுத்துப் போட்டார். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது.

"ஏய், அந்தாண்ட ஓரத்தப் புடிடி! தூக்குது பாரு!"

"புடிச்சினுதான்பா இருக்கறேன்! நீ கல்ல வைய்யி மொதல்ல!"

அப்பாவும் அக்காவும் ஒரு நொடி அப்படியே நின்றார்கள். பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் இழு, அந்தக் கயிறு எங்கே, கண்ணு தெரியலையா உனக்கு, உனக்குத்தான் தெரியல. இடி இடித்தது. நான் அக்காவிடம் ஓடினேன். அவள் இரண்டு கையிலும் கீற்று இருந்தது. "நீயே பொத்திக்கடி!" என்றாள். பொத்திக்கொண்டேன். அவள் பக்கத்தில் நின்று பொத்திக்கொண்டால் அடைத்தது.

மூடி முடிப்பதற்குள் ஒரு பக்கம் கரைந்து மேட்டிலிருந்து ஓடியது. சித்தப்பா முகத்தை வழித்துக்கொண்டு, "உலகம் அழியலன்னாலும் உப்பு அழிஞ்சிடுச்சுண்ணே" என்றார். அப்பா சிரித்தார். உப்பு கரைவதைப் பார்த்து அவர் சிரித்ததை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து, அக்கா அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டாள். அம்மா டீ போட்டாள். மழை விட்டிருந்தது. அக்காவின் சேலை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. வராமலே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

வந்தது. டிவி தானாகவே பேச ஆரம்பித்தது. வெள்ளைக்காரர்கள் ஒரு அறையில் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷினை ஓடவிட்டுப் பார்த்தாயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உலகம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள். அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டோம்.

தெருவில் சிரிப்பும் விசிலும் கேட்டது. எங்கள் வீட்டில் அக்கா கொடியில் இருந்த சேலையை எடுத்து இன்னொரு முறை பிழிந்தாள். அப்பா சுவரில் கடிகாரம் இருந்த பக்கம் பார்த்தார்.

"ஆறு மணி பஸ்ஸு போயிடும்" என்றார். யாரிடம் என்று இல்லாமல்.

அக்கா கிளம்பும்போது அவர் ஒரு பையில் உப்பு கட்டிக்கொண்டு வந்தார். அவள் கையை நீட்டினாள். அவர் கையில் கொடுக்காமல் அவள் காலடியில் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மத்தியானம் அவள் கையால் சாப்பிட்டவர், மழையில் அவளோடு கத்தியவர், ஒரு பையைக் கையில் கொடுக்கக்கூடாதா? பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அம்மாவிடம் கேட்டேன்.

"வூட்டு உப்பக் கையில குடுத்தா ஒறவு அந்துடும்டி, பைத்தியம்" என்றாள் அம்மா. அக்கா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆக, அறுபடவில்லை என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். இனி அக்கா வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அப்பா மறுபடியும் அந்தப் பேரை எடுக்கவில்லை. அம்மா மறுபடியும் மீன்காரியிடம் காற்றைப் பற்றி விசாரித்தாள்.

கொஞ்ச நாளில் டிவியில் இன்னொரு சேதி வந்தது. அந்த மெஷின் பழுதாகிவிட்டதாம். சரி செய்ய மாசக் கணக்கில் ஆகுமாம். நான் விம்மி விம்மி அழுதேன். அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "பயப்படாதம்மா. அது இனிமே ஓடாது. ஒடஞ்சே போயிடுச்சு" என்று தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை கூடியது.

அக்காவும் மாமாவும் பிற்பாடு மங்களூர்ப் பக்கம் போட் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். போனில் பேசுகிறோம். அவள் பிள்ளைகளுக்குத் தமிழோடு வேறு ஏதோ பேச்சும் கலந்து வருகிறது. அப்பா இருந்தவரைக்கும் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொள்வார். பேசமாட்டார்.

அவர்கள் ஊரை விட்டுப் போவதற்கு ரொம்ப முன்னால் ஒரு நாள் நடந்ததை மட்டும் நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மெஷின் பழுதானதற்கு அடுத்த வருஷத்து மழைக்காலம். பாத்தியெல்லாம் ஏரியாகக் கிடந்தது. வேலை இல்லாமல் அப்பா வீட்டில் இருந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். டிவியில் சின்னதாக ஒரு சேதி ஓடியது. இந்த முறை படமும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"அந்த மிஷின மறுபடியும் ஓட்டுறாங்களாமே" என்றார் அப்பா.

நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று தெருவே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம். என்னைவிடப் பயந்த ஒருவர் கிடைத்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஓட்டட்டும்பா. போன தடவையே ஒன்னும் ஆவல, இப்ப இன்னா ஆவப் போவுது?"

"இல்ல, சொல்ல முடியாதுல்ல" என்றார். "எந்தக் கெழமன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் சும்மாப்பா. யாருமே நம்பல."

"அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அப்போது வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் எழுந்து வாசலுக்குப் போய், மழை விட்டிருக்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்தார்.

அப்போது அக்கா அனுமந்தையில்தான் இருந்தாள். பஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.